பின்வாசலில் இரண்டாவது ஆள்

பூமாரிக்கு வந்த மெமோவை அவளுக்குப் படித்துக் காட்டியவன் நான்தான். நாற்பது வயதுக்கு மேல் யூனியன் ஆபீசில் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். விரல் வைத்து வாசித்தேன். பின்வாசலில் அவளோடு நின்ற ஆளின் பெயரைச் சொல்லும்வரை ஃபாக்டரியில் வேலை இல்லை என்று இருந்தது.

"கூட யாருமே இல்லைண்ணே. தேயிலைத்தூளு நெஞ்சை அடைச்சுச்சு, வாந்தி எடுக்கப் போனேன். கதவைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தையாத்தான் நின்னேன்."

"பேய் நின்னிருக்கும்டி," என்றாள் பக்கத்து வீட்டு அழகுத்தாய். "அதுக்கும் பேரு போடச் சொல்லு. நாளைக்குச் சங்கு ஊதுனா வேலைக்கு வந்துரும்."

வரிசை வீடுகளான எங்கள் எஸ்டேட் லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டாவது ஆளை உண்டாக்கியது என் மண்வெட்டி.

வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தேயிலை ஃபாக்டரியில் எழுபத்தெட்டில் கேமரா வைத்தார்கள். தூள் மூட்டை காணாமல் போகிறதென்று, தூள் சலிக்கும் அறையின் பின்வாசலைப் பார்த்தபடி கேமரா. மேட்டில் இருக்கும் ஆபீசில், படம் தெரிகிற பெட்டி. இரண்டுக்கும் நடுவே மண்ணுக்குள் கேபிள். குழி வெட்டியது நான்.

எர்ணாகுளத்திலிருந்து வந்த மெக்கானிக் என்னிடம் பீடி வாங்கிக்கொண்டு விளக்கினார். முழுப் படமும் ஒரேயடியாகக் கேபிளில் போகாதாம். கொழுந்து பறிப்பதுபோல நிரை நிரையாகப் போகுமாம். மேல் நிரையில் இடமிருந்து வலமாக வெளிச்சமும் இருட்டும், அது முடிந்தால் அடுத்த நிரை. ஒவ்வொரு நிரைக்கும் முன்னால் கங்காணியின் விசில் மாதிரி ஓர் அடையாளம் வரும். அதைக் கேட்டுத்தான் பெட்டி புது நிரையைத் தொடங்கும். விசில் தப்பினால் படம் சாயும், உருளும்.

"கேபிள் எவிடெயும் முறியக்கூடாது, கேட்டோ," என்றார் மலையாளம் கலந்து. "முறிஞ்சு சேர்த்த இடத்துல கொஞ்சம் சிக்னல் முட்டித் திரும்பும். அங்கயும் இங்கயும் அலைஞ்சு லேட்டா வரும். லேட்டா வந்தது வலப்பக்கம் தள்ளி விழும். ஒராள் நின்னா ரெண்டாளு."

அவர் பஸ் ஏறிப் போன பிறகு, குழியை மூடும்போது என் மண்வெட்டி கேபிளில் இறங்கியது. கோயில் கொடையில் மைக்செட் வயரைச் சேர்ப்பதுபோல, நடுக்கம்பியையும் சுற்றியிருந்த கம்பிவலையையும் தனித்தனியாக முறுக்கி, சைக்கிள் டியூபைச் சுற்றிப் புதைத்துவிட்டேன். படம் திரும்ப வந்தது. கரண்ட் போய் வந்ததென்று ஆபீசில் நினைத்துக்கொண்டார்கள்.

தூள் அறைப் பெண்கள் தலைக்கும் உடம்புக்கும் வெள்ளைத் துணி சுற்றியிருப்பார்கள். கேமரா வந்த வாரத்திலேயே இருட்டு வாசலில் பூமாரி நின்றபோது, ஃபாக்டரியை நடத்தும் அதிகாரியான டீமேக்கர் ரத்தினசாமி பெட்டியில் பார்த்தது இரண்டு வெள்ளை உருவம். அன்றைக்கென்று ஒரு மூட்டையும் குறைந்தது.

மெமோவை வாசிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கம்பெனிச் சாமானை உடைத்து மறைத்தவனுக்கு லயத்தில் வீடு இருக்காது. ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் பூமாரி தாளும் பென்சிலுமாக வந்தாள். முகம் ஒட்டிப்போயிருந்தது.

"அண்ணே, ஒரு பேரு எழுதிக் குடுங்க. கைநாட்டு வச்சுர்றேன்."

"யாரு பேரை?"

"அழகுத்தாயின்னே எழுதுங்க. அவளுக்குப் புருசன் சம்பாதிக்கான். எனக்கு யாரு இருக்கா?"

'அ' போட்டேன். அதற்குமேல் பென்சில் நகரவில்லை. கண் தெரியவில்லை, நாளைக்கு எழுதுகிறேன் என்று அனுப்பினேன்.

காலையில் டீமேக்கர் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, நான் பின்வாசல்ல ஒத்தையா நிக்கேன். நீங்க பெட்டியைப் பாருங்க."

"என்ன சுருளிவேலு, சினிமாவுல நடிக்க ஆசை வந்துட்டதா?"

"ஒரு தடவை பாருங்கய்யா."

வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றேன். மேட்டில் ஆபீஸ் ஜன்னல் திறந்தது.

"பக்கத்துல நிக்கிறது யாருடா?"

"யாருமில்லைய்யா."

டீமேக்கரே இறங்கி வந்தார். நான் மண்வெட்டியை எடுத்து, இடம் தேடாமல், நேராக அந்த முறுக்கு இருக்கும் இடத்தைத் தோண்டிக் காட்டினேன். ரப்பரைப் பிரித்துப் பார்த்தவர் கேபிளைவிட என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

மத்தியானமே பூமாரியை வேலைக்குக் கூப்பிட ஆள் போனது. சாயங்காலம் எனக்கு மெமோ வந்தது. விரல் வைத்து நானே வாசித்துக்கொண்டேன். வேலை இல்லை, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும் பூமாரி வழியில் என்னைப் பார்த்து நின்றாள்.

"அண்ணே, அன்னைக்கு அந்தத் தாளைப் படிச்சீகளே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சங்கு ஊதியது. வெள்ளைத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். தூள் அறைக்குப் பின்வாசல்தான் பக்கம். அவள் அந்த வழியில் போகவில்லை. ஃபாக்டரியையே சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனாள்.