தெரியாது என்று சொல்லாத கடை

வேலைக்கு ஆள் எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வருகிற ஆள் வாசலிலிருந்து கண்ணாடிப் பெட்டி வரை நடக்கிற நடையிலேயே எடை போட்டுவிடுவேன். விலாசம் என்ன, முன்னே எங்கே வேலை பார்த்தாய், யாரைக் கேட்டால் உன்னைத் தெரியும் என்பதெல்லாம் எனக்கு வேண்டாத கதை.

"ஒரு பேப்பர்லயாவது எழுதி வாங்கி வைங்களேன்" என்பாள் மனைவி.

"என் கண்ணு இருக்கும்போது பேப்பர் எதுக்கு?" என்பேன்.

கேக், ரொட்டி, பிஸ்கட் விற்கும் சின்னக் கடை. உள்ளே அடுப்பறையில் என் தம்பி. பின்கட்டில் தட்டு கழுவ, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஓர் அம்மாள். கல்லாவில் நான். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று விற்க ஓர் ஆள். அந்த ஓர் ஆள்தான் நிலைப்பதில்லை. ஆறு மாதத்தில் நான்கு பேர் போய்விட்டார்கள். இந்தக் காலத்து ஜனங்களுக்கு உடம்பு வளையவில்லை என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

ஐந்தாவதாக வந்தவளைக் கடையில் எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிட்டோம். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். முதல் நாளே என் சட்டத்தைச் சொல்லிவிட்டேன்.

"இங்க பாரும்மா. கஸ்டமர் ஏதாவது கேட்டா 'தெரியாது'ன்னு சொல்லக்கூடாது. 'உள்ள கேட்டுட்டு வரேன்'னு ஓடக்கூடாது. சிரிச்ச முகமா ஆமான்னு சொல்லு, இல்லாட்டி இல்லன்னு சொல்லு. நாம தடுமாறினா அவங்க அடுத்த கடைக்குப் போயிருவாங்க."

"தப்பா சொல்லிட்டா சார்?"

"அதெல்லாம் வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

அவள் தலையாட்டினாள். ஆனால் இரண்டாம் நாளே கையடக்கமான ஒரு நோட்டு கொண்டுவந்து, வாங்குகிறவர்களின் போன் நம்பரை எழுத ஆரம்பித்தாள். "இதென்ன, ஜனத்தொகை கணக்கெடுப்பா?" என்று கேட்டு, கடை முழுக்கச் சிரிக்க வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுதுவதையும் நிறுத்தவில்லை.

எட்டாம் நாள் சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குக் கடையில் கால் வைக்க இடமில்லை. கண்ணாடி போட்ட ஒரு பெண் சாக்லேட் கேக் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மேலே மகளின் பெயரை எழுதச் சொன்னாள். ஏழாவது பிறந்தநாள், நாலு மணிக்கு வெட்டுகிறார்கள். கூடவே ஒரு டப்பா பிஸ்கட். பெட்டி கட்டியாகிவிட்டது. அப்போதுதான் அவள் கேட்டாள்.

"இதுல வேர்க்கடலை எதுவும் இல்லையே? என் பொண்ணுக்கு ஆகவே ஆகாது. போன வருஷம் ஒரே ஒரு மிட்டாய், தொண்டை வீங்கி மூச்சு நின்னுபோச்சு. ஆஸ்பத்திரில போராடித்தான் மீட்டாங்க."

புதுசு என் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "தெரியலக்கா. ஒரு நிமிஷம், உள்ள கேட்டுட்டு வரேன்" என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எட்டு நாளாகத் தலைப்பாடாய் அடித்துக்கொண்டது இதைத்தான். கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தேன்: "கடலையா? நம்ம கடையிலயா? சுத்தமான பாதாம்மா. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

"சார், காலைல மேஜை மேல..." என்று புதுசு ஆரம்பித்தாள்.

"போதும். உனக்கு இந்த வேலை சரிப்படாது. இன்னையோட நின்னுக்கோ. இப்பவே கிளம்பு."

கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். கண்ணாடி போட்ட பெண்ணும்தான். அவள் சங்கடத்தோடு பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். புதுசு நோட்டை எடுத்துக்கொண்டு, மேலங்கியை மடித்து வைத்துவிட்டுப் போனாள். நாலு பேர் முன்னால் கண்டித்தால்தான் மற்றவர்களுக்கும் பயம் இருக்கும் என்பது என் இன்னொரு சட்டம்.

மூன்று மணிக்குக் கூட்டம் வடிந்தது. தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"அண்ணே, சாக்லேட் கேக் போயிருச்சா? எப்படி, வித்தியாசமே தெரியலல்ல?"

"என்ன வித்தியாசம்?"

"பாதாம் பொடி தீர்ந்துபோச்சு. நேத்து ராத்திரி பாதிக்குப் பாதி கடலைப் பொடி கலந்துட்டேன்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீதானே அண்ணே, 'அடுப்பறை சமாச்சாரத்தைக் கல்லாவுக்குக் கொண்டு வராதே'ன்னு சொன்னே?"

சொன்னேன். அதுவும் என் சட்டம்தான். சுவர்க் கடிகாரம் மூன்று பத்து காட்டியது. இந்தப் பெரிய ஊரில், கண்ணாடி போட்ட ஒரு பெண்ணை ஐம்பது நிமிடத்தில் எங்கே போய்த் தேடுவது? கடையில் ரசீது கிடையாது, பில் புத்தகம் கிடையாது. எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது என்று பெருமை அடிப்பேன். தலைக்குள் அவள் மூக்குக் கண்ணாடியைத் தவிர வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் அந்த நோட்டு நினைவுக்கு வந்தது. நம்பர் இருந்தால் அதில்தான் இருக்கும். புதுசை எங்கே பிடிப்பது? அவள் போன் நம்பர் என்னிடம் இல்லை. வீடு எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. பின்கட்டுக்கு ஓடி, புதுசு வீடு எங்கே என்று கேட்டேன். அக்கா ஈரக்கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துபோன அத்தனை பேர் வீடும் எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு வீடாவது தெரியுமா? பஸ் நிலையத்துக்குப் பின்னாடி, பூட்டு ரிப்பேர் கடை மாடி. மாமியாருக்கு முட்டி வலி. பையன் மூணாவது படிக்கிறான்."

"அக்கா, வீடு மட்டும் சொல்லு!"

"சொல்லிட்டேனே, ஓடுங்க!"

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். ஸ்கூட்டர் சாவி அதன் துவாரத்துக்குள் நுழையவே மாட்டேன் என்றது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். ஒவ்வொரு சிக்னலும் எனக்காகவே சிவப்பாகக் காத்திருந்தது. ஏழு வயதுக் குழந்தையின் தொண்டை எவ்வளவு சின்னதாக இருக்கும் என்ற நினைப்பை விரட்ட விரட்ட அது திரும்பி வந்தது. பயமாக இருந்தது. என் ஆயுளில் அப்படிப் பயந்ததில்லை.

பூட்டுக் கடை வாசலில் மூன்று முப்பத்தைந்து. மாடிப்படியில் அவளே இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் நோட்டு.

"கடலைதானே சார்?" என்றாள். நான் தலையாட்டினேன்.

"காலைல அடுப்பறை மேஜை மேல கடலைப் பொடி டப்பாவைப் பார்த்தேன். எதுல போட்டாங்கன்னு தெரியாது. அதான் கேட்டுட்டு வரேன்னு சொன்னேன்."

"நம்பர் இருக்கா? உடனே போன் பண்ணு!"

"ஒரு மணிக்கே பண்ணிட்டேன். அந்தக்கா நம்பல. 'உங்க முதலாளியே இல்லைன்னு சொல்றார். உன்னைத் துரத்தினதையும் கண்ணால பார்த்தேன். வேலை போன வயித்தெரிச்சல்ல என் பொண்ணு பிறந்தநாளைக் கெடுக்காதே'ன்னு வச்சுட்டாங்க. அப்புறம் எத்தனை தடவை அடிச்சும் எடுக்கவே இல்ல. அதான் அவங்க வீட்டுக்கே போகலாம்னு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்."

என் போனிலிருந்து அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் நோட்டைத் திருப்பினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பீர்களா என்று அந்தப் பெண் முதலில் கேட்டிருக்கிறாள். கொடுக்கமாட்டோம் என்று சொல்வதற்குள் இவள் விலாசத்தை எழுதி முடித்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அடுக்குமாடி, மூன்றாவது மாடி.

"ஏறும்மா."

அவள் ஏறினாள்.

அடுக்குமாடி வாசலில் மூன்று ஐம்பத்தெட்டு. படியேறும்போது இரண்டாவது மாடியிலேயே குழந்தைகள் கூட்டமாகப் பாடுவது கேட்டது. கதவு திறந்திருந்தது. வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே பலூன்கள், இருபது முப்பது தலைகள், நடுவே மேஜையில் என் கேக். குழந்தையின் ஒரு கை கத்தியில், அதன்மேல் அம்மாவின் கை. மற்றொரு கையால் அந்தக் குழந்தை கேக்கின் ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

நான் வாசலில் கல்லாய் நின்றுவிட்டேன். புதுசு என்னைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, அந்தக் கையைப் பிடித்துத் தன் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள். குழந்தை வீரிட்டு அழுதது.

"பாப்பா வாய்ல வச்சியா? சொல்லும்மா, வச்சியா?"

அழுகைக்கு நடுவே இல்லை என்று தலையாட்டியது.

"நீயா? இங்கேயே வந்துட்டியா?" என்று அம்மா கத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இந்தப் பொண்ணு என்னதான் சொல்றா? நீங்கதானே கடலை இல்லைன்னீங்க?"

வீடு மொத்தமும் என்னைப் பார்த்தது. சொல்லவே கூசுகிறது, அந்த நேரத்திலும் என் வாயில் ஒரு பொய் தயாராக நின்றது. பெட்டி மாறிவிட்டது என்று சொல்லலாம். குற்றத்தைத் தம்பி தலையில் கட்டலாம். புதுசு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடலை இருக்கும்மா. எனக்குத் தெரியாது. தெரியாமலே, தெரிஞ்ச மாதிரி சொன்னேன். தெரியாதுன்னு சொன்னதுக்குத்தான் இந்தப் பொண்ணை வேலையை விட்டுத் துரத்தினேன்."

அந்தப் பெண் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதப்போவதில்லை. அத்தனையும் நியாயமான கேள்விகள். குழந்தையின் அப்பா கேக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். யாரோ குழந்தையின் இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். எல்லோரும் மூச்சு விட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பெண்ணின் கண் பக்கத்துத் தட்டின்மேல் விழுந்தது. அதிலும் எங்கள் கடை பிஸ்கட்.

"இதுல?"

என் வாய் பழக்கதோஷத்தில் "இல்..." வரைக்கும் போய்விட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான், ஆனால் நுணல்கூட இரண்டாம் தடவை யோசிக்கும்.

அவள் என்னிடம் கேட்கவே இல்லை. புதுசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலக்கா. கேட்டுச் சொல்றேன்" என்று புதுசு நோட்டைப் பிரித்து, என் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் சொல்வதைக் கடைசிவரை கேட்டாள். "இதுல கலக்கலையாம்க்கா. ஆனா அதே மேஜைலதான் பிசைஞ்சாங்களாம். வேண்டாம்க்கா."

மறுபேச்சில்லாமல் தட்டு நகர்ந்தது. நூறு பேரிடம் நான் சிரித்த முகத்தோடு சொன்ன எந்தப் பதிலையும் யாரும் இப்படி நம்பியதில்லை.

கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றோம்.

"மன்னிச்சுக்கோம்மா. திங்கட்கிழமையிலிருந்து வந்துடேன்" என்றேன்.

அவள் நோட்டைப் பைக்குள் வைத்தாள். "தெரியல சார். வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

இன்று புதன்கிழமை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஆள் இல்லை. வேலை கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், நன்றாகவே நடந்தார்கள். பதில் வரவேண்டியிருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.