கனகராயன்குளத்து வெள்ளம்

அக்கா உதயகலா மூன்றாவது தடவையாகவும் ஒப்பாரிக்குள் வெள்ளத்தைக் கொண்டுவந்தபோது, வாகீசன் தாயின் காலடியில் குனிந்து, சரிந்துகிடந்த மாலையை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"ஓடி வர நிண்ட பிள்ளையை
ஊர் வெள்ளம் மறிச்சுதெல்லோ, என்ரை அம்மா..."

சுற்றியிருந்த பெண்கள் "ஐயோ" என்று சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி எட்டி அவன் முதுகைத் தடவிவிட்டாள். பொறுக்கமாட்டாமல் எழும்பிப் பந்தலுக்குள் வந்தான். அங்கேயும் அதே வெள்ளந்தான். அத்தான் சுதாகரன் வந்த ஆட்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டபடி, "மச்சான் திங்கட்கிழமையே கொழும்பிலை இருந்து காரிலை வெளிக்கிட நிண்டவர். கனகராயன்குளத்திலை றோட்டுக்கு மேலாலை தண்ணி. என்ன செய்யிறது சொல்லுங்கோ" என்று விளக்கிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் வாகீசனைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஒரே மகன், தாயின் முகத்தை உயிரோடு பார்க்கக் கிடைக்கவில்லையே என்று பாவப்பட்டார்கள்.

வெள்ளமாவது மண்ணாங்கட்டியாவது! திங்கட்கிழமை பாதை திறந்துதான் கிடந்தது. அந்த வளவுக்குள் நின்ற அத்தனை சனத்திலும் அது இரண்டே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று வாகீசன். மற்றது அவன் மனைவி தர்சிகா. நேற்றுப் பின்னேரம் பிள்ளைகளோடு வான் பிடித்து வந்து இறங்கியதில் இருந்து அவள் குசினிப் பக்கமே நிற்கிறாள். புருசனோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

மார்கழி மாரி விடாமல் பெய்த கிழமை அது. திங்கள் பின்னேரம் ஐந்தரை மணிக்கு, வாகீசன் வேலையால் வந்து போட்டிருந்த சேட்டைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம், பருத்தித்துறையில் இருந்து அக்கா போன் எடுத்தாள். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, டொக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, சொல்ல வேண்டிய ஆட்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார் என்றாள். "தம்பி, நீ உடனை வெளிக்கிடு."

வாகீசன் உடனே வெளிக்கிட்டிருப்பான். போன தடவைகளில் வெளிக்கிட்டவன்தான். அதுதான் வினை. அந்த வருசத்தில் மட்டும் மாசியில் ஒருக்கா, ஆடியில் ஒருக்கா, ஐப்பசியில் ஒருக்கா என்று மூன்று தரம் இதே மாதிரிப் போன் வந்து, மூன்று தரமும் இரவிரவாகக் கார் ஓடியிருக்கிறான். மூன்று தரமும் அவன் போய் இறங்கும்போது தாய் மீனாம்பிகை கட்டிலில் சாய்ந்திருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தாள். "ஏன் மோனை உப்பிடி விழுந்தடிச்சு வந்தனி? எனக்கு ஒண்டுமில்லை" என்று சிரித்தாள். ஐப்பசியில் வந்த முதுகுவலி அவனுக்கு இன்னும் மாறவில்லை.

"விடிய ஒன்பதரைக்குப் பிளேன் இருக்கு" என்றான் தர்சிகாவிடம், கைபேசியைத் தட்டிக்கொண்டே. "பத்தே முக்காலுக்குப் பலாலி. மத்தியானத்துக்கு முதல் அம்மாவுக்குப் பக்கத்திலை இருப்பன்."

"இப்ப ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் ரெண்டு மணிக்கெல்லாம் அங்கை நிப்பியள். நான் தேத்தண்ணி ஊத்தித் தாறன். போங்கோ."

"இந்த மழைக்குள்ளை எட்டு மணித்தியாலம் ஓடுறது லேசே? பிளேன் எண்டால் ஒரு மணித்தியாலம். எது கெதி எண்டு நீரே சொல்லும்."

"பிளேன் கெதியாத்தான் போகும். ஆனால் நாளைக்கெல்லோ போகும்!"

அவன் பிளேனில் ஒரு சீற்றைப் பதிந்துவிட்டான். பிறகுதான் அக்காவுக்கு என்ன சொல்வது என்ற பிரச்சினை வந்தது. விடியத்தான் வருகிறேன் என்றால் அவள் போனுக்குள்ளால் கத்துவாள், அழுவாள். சனிக்கிழமை கனகராயன்குளத்தில் பாதைக்கு மேலால் வெள்ளம் பாய்ந்த படத்தை எல்லாரும் கைபேசியில் பார்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையே வடிந்துவிட்டது என்ற செய்தியும் வந்தது, அதை அவனும் வாசித்தவன்.

"பாதை மூடியாம் அக்கா. கனகராயன்குளத்திலை இன்னும் தண்ணி பாயுதாம். விடியப் பிளேனிலை வாறன்."

"சரியடா தம்பி. கவனமா வா" என்றாள். அவ்வளவு சுகமாக முடிந்துவிட்டது. புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டான். கைபேசியின் சத்தத்தை நிறுத்தி முன்னறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தான். நல்ல நித்திரை, வெட்கங்கெட்ட நித்திரை. ஆறு மணிக்கு எழும்பிப் பார்த்தால் அக்கா மூன்று தரம் எடுத்திருந்தாள். கடைசி அழைப்பு ஐந்து ஐம்பதுக்கு.

பிளேன் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. அவனுக்கு யன்னல் பக்கத்துச் சீற். வன்னிக்கு மேலால் பறக்கும்போது கீழே வயலும் குளமும் ஒன்றாய் வெளுத்துக் கிடந்தன. அட, மெய்யாகவே வெள்ளம் நிற்கிறதோ என்று ஒரு கணம் அவன் மனம் துள்ளியது, பாவம். கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பாதையைத் தேடினான். கண்டுபிடித்தான். கறுப்பாய், நேராய்க் கிடந்தது. அதில் ஒரு பஸ் வடக்குப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

அச்சுவேலியால் ஓட்டோவில் வந்து படலையடியில் இறங்கியதும் உதயகலா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். தன்னைவிட எட்டு வயது மூத்தவள் அப்படிக் குழந்தை மாதிரி விழுந்து அவன் பார்த்ததில்லை. பிறகு சுவரோடு சாய்ந்திருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

"எட்டு மணிபோலை அம்மா நல்ல நினைவோடை உன்னைக் கேட்டவ. பாதையிலை வெள்ளமாம், விடியத்தான் வருவான் எண்டு காதுக்கை சொன்னனான். அதோடை துடங்கினவ. 'வேண்டாம், அவனை வரவேண்டாம் எண்டு சொல்லு, அவனுக்கு நீந்தவும் தெரியாது' எண்டு ஒரே புலம்பல்."

கடலோரத்து ஊரில் பிறந்தும் நீந்தத் தெரியாதவன் அவன். சின்ன வயதில் அவனுக்கு மூச்சிழுக்கும் முட்டு வருத்தம் இருந்தபடியால் மீனாம்பிகை அவனைக் கரையிலே காலை நனைக்கவும் விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பெடியள் பகிடி பண்ணுவார்கள்.

"அவன் வீட்டிலை நித்திரையாக் கிடக்கிறான் அம்மா எண்டு சொன்னனான். நம்பேல்லை. 'நீ பொய் சொல்லுறாய். எனக்கெண்டால் அவன் நிக்கமாட்டான், வெளிக்கிட்டிருப்பான்' எண்டவ. அவவுக்குக் காட்டத்தான் உனக்கு இரவு ஒரு மணிபோலை ரெண்டு தரம் அடிச்சனான். நீ எடுக்கேல்லை. அது இன்னும் பிழையாப் போச்சு. தண்ணிக்கை போயிட்டான் எண்டு நினைச்சுக்கொண்டா. நாலு மணி வரைக்கும் வாசலையே பாத்தபடி என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தவ. அதுக்குப் பிறகு கதையில்லை. அஞ்சே முக்காலுக்கு..."

மகன் வருவான் என்று காத்திருந்து செத்திருந்தால்கூட மனதை ஆற்றலாம். வந்துவிடுவானோ என்று பயந்து பயந்து செத்திருக்கிறாள். அந்தப் பயத்தை அவன் கொழும்பில் சேட்டைக் கழற்றியபடி ஒரு வாய்ச்சொல்லாய் அனுப்பிவைத்திருக்கிறான். வாகீசன் அந்தச் சுவரடியில் இருந்து வாய்விட்டுக் கத்தி அழுதான். தாய்ப்பாசம் என்றார்கள் பார்த்தவர்கள். பாசந்தான், இல்லை என்று யார் சொன்னது? உள்ளே கிடந்து அறுத்தது வேறொன்று.

புதன்கிழமை பத்து மணிக்கு, ஐயர் கும்பம் வைத்துக்கொண்டிருக்கும்போது சந்தியோகு வந்தான். அடுத்த ஒழுங்கைக்காரன், தம்புள்ளையில் இருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறி அவனுடையது. வந்த வேகத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, மீனாம்பிகையின் காலைத் தொட்டான். தலைமாட்டில் உதயகலா. கால்மாட்டில் வாகீசன்.

"எனக்கு இப்பத்தான் தெரியும் உதயாக்கா. லொறியைப் பட்டறையிலை விட்டிட்டு நேற்று முழுக்க அங்கையே கிடந்திட்டன்." பிறகு வாகீசனின் கையைப் பிடித்தான். "அண்ணை, அம்மாவைப் பாத்தனீங்களே? கதைச்சவவே?"

வாகீசன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"சீ! திங்கட்கிழமை இரவெல்லோ நானும் வந்தனான். எனக்கு ஒரு கோல் அடிச்சிட்டுத் தம்புள்ளைக்கு வந்திருந்தால் உங்களையும் ஏத்தி வந்து அம்மாவின்ரை காலடியிலை இறக்கியிருப்பனே! பாதை பாய் விரிச்ச மாதிரிக் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. லொறி உருட்டிக்கொண்டே மூண்டரைக்கு இந்தா கிடக்கிற கொடிகாமம் வந்திட்டன்."

அவன் மனதில் கள்ளமில்லை. உண்மையான கவலையோடுதான் சொன்னான். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாடை கட்டுகிற இடத்துக்குப் போனான்.

உதயகலா தாயின் நெற்றியில் இருந்த கையை எடுக்கவில்லை. "மூண்டரைக்கு" என்று தனக்குள் சொன்னாள். வாகீசன் நிமிர்ந்து அவளைப் பார்க்கத் துணியவில்லை. அவளும் அவனைப் பார்த்தாளோ என்று அவனுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகும் அவள் அழுதாள். அம்மா அரிசி இடித்ததும் பிள்ளை வளர்த்ததும் அப்பாவைப் பறிகொடுத்துத் தனியே நின்றதும் எல்லாம் பாட்டில் வந்தன. வாய்க்கரிசி போடும்போது வந்தன, பெட்டி மூடும்போது வந்தன. வெள்ளம் மட்டும் வரவில்லை. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. இந்த வரியில் வரும், அடுத்த வரியில் வரும் என்று வாகீசன்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வந்துவிட்டால் போதும் என்று இருந்தது. பெண்கள் படலையோடு நின்றுவிட, கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான்.

சுடலையால் திரும்பிவர மூன்று மணியாகிவிட்டது. வீடு கழுவி, தாய் கிடந்த இடத்தில் விளக்கு வைத்திருந்தார்கள். உதயகலா பின்பக்கம் கிணற்றடியில் தனியே நின்று பாய்களை அலசிக்கொண்டிருந்தாள். வாகீசன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாய்ப் போய் அவளுக்குப் பின்னால் நின்றான்.

"அக்கா... அண்டைக்குப் பாதை..."

"மூடித்தான் கிடந்தது."

"இல்லை அக்கா. நான் உங்களுக்கு..."

"வாகீசன்." அவள் ஒருநாளும் அவனை முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திரும்பவும் இல்லை, பாயை உதறிக்கொண்டே சொன்னாள். "அம்மாவின்ரை காதுக்கை வாயை வைச்சுச் சொன்னது நான். அவ அதை நம்பிப் பயந்துகொண்டு போயிட்டா. இனி நான் எங்கை போய் மாத்திச் சொல்லுறது? மூடித்தான் கிடந்தது. ஆர் கேட்டாலும் நீ அப்பிடித்தான் சொல்லவேணும். எட்டாம் நாள் வரைக்கும் சனம் வரும். வாற ஒவ்வொரு ஆளுக்கும் சொல்லு."

"அக்கா, என்னை ரெண்டு பேச்சுப் பேசுங்கோ. அடியுங்கோ."

"தலையைத் துடை. தடிமன் வரப்போகுது" என்றாள் உதயகலா. கொடியில் பாயை விரித்துவிட்டு அவனைக் கடந்து குசினிக்குள் போனாள்.

நாலு மணிபோல் வட்டுக்கோட்டையில் இருந்து ஏரம்பு மாமா வந்தார். மீனாம்பிகையின் ஒன்றுவிட்ட தமையன். பஸ் பிந்தியதால் பிரேதத்தைக் காணக் கிடைக்கவில்லை. காது மந்தம், ஆள் கதைப்பதைவிடக் கையைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வார். விறாந்தைக் கதிரையில் இருந்து மூக்கைச் சிந்தி, விளக்கைப் பார்த்து ஒருபாடு அழுது முடித்தார். பிறகு பக்கத்துக் கதிரையில் இருந்த வாகீசனின் தொடையில் தட்டினார்.

"உன்னை வெள்ளம் மறிச்சதாம் எண்டு படலையிலை சொல்லுகினம். மெய்யே மோனை?"

வாகீசன் உள்வாசலைப் பார்த்தான். மாமாவுக்கான தேத்தண்ணியோடு உதயகலா நின்றாள். கோப்பையைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் மாமா."

"என்ன?"

"ஓம்!" என்று தலையை ஆட்டிக் காட்டினான்.

"எவ்வளவு தண்ணி நிண்டது?"

வாகீசன் கையைத் தாழ்த்தி, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, தன் முழங்காலுக்கு நேரே பிடித்தான்.

"உவ்வளவுதானே?" மாமாவுக்கு நம்பமுடியவில்லை. "உதுக்குள்ளாலை கார் ஓடும் மோனை! தாய் சாகக்கிடக்கிறா, உந்தத் தண்ணிக்கே நீ நிண்டனி?"

வாகீசன் எழும்பி நின்றான். கையை இடுப்பளவுக்குக் கொண்டுவந்தான். மாமா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கையை நெஞ்சளவுக்கு உயர்த்தினான்.