ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் உபவாசம்

அம்மாவின் கை சில்லென்று இருந்தது. ஜெபா கஞ்சி டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். அம்மா ஏஞ்சலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா எறங்கிட்டாருன்னு போன் வரட்டும்."

"காலையில வெறும் வயித்துல சுகர் மாத்திரைய போட்டுக்கினு இப்படி உக்காந்துகினு கீற. வேர்க்குது பாரு."

"ரெண்டு மணிக்கு எறங்கிருவாருன்னு நீதான சொன்ன? இப்போ ராத்திரி மணி ஒம்போது."

ஜெபாதான் சொன்னாள். காக்களூரில் வெல்டராக இருந்த அப்பா ராபினுக்கு அங்கோலாவில் வேலை கிடைத்ததும், சென்னைக்கும் அந்நாட்டுத் தலைநகர் லுவாண்டாவுக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் தட்டிப் பார்த்தாள். ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். பத்து மணி நேரம். வரைபடத்தில் கடலுக்கு மேலே ஒரு மெல்லிய நீலக் கோடு, கொடியில் காயும் துணி காற்றில் உப்பியதுபோல் வளைந்து கிடந்தது.

"அவ்ளோதானா? நம்ம கம்பெனில ஓ.டி. பாத்தா இதுக்கு மேல வரும்," என்று அப்பா சிரித்தார்.

அம்மா அப்போதே நேர்ந்துகொண்டாள். விமானம் ஏறும் விடியற்காலை நாலு மணியிலிருந்து அவர் கால் தரையில் படும்வரை உபவாச ஜெபம். பத்து மணி நேரம்தானே.

டிக்கெட் நகலை ஜெபா ஒழுங்காகப் படித்தது இன்று சாயங்காலம்தான். அந்த நீலக் கோட்டில் எந்த விமானமும் போகவில்லை. துபாயில் இறங்கி, பதின்மூன்று மணி நேரம் காத்திருந்து, வேறு விமானம். லுவாண்டாவில் இறங்கும்போது இங்கே விடியற்காலை ஐந்து. செவ்வாப்பேட்டையிலிருந்து சென்ட்ரல் போகிற ரயில்கூட பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னலில் நின்றுவிடும். தினமும் அதில் போகிறவளுக்கு இது தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னால் அம்மா விடியும்வரை எதையும் வாயில் வைக்க மாட்டாள்.

"மா, மெசேஜ் வந்துகீது. எறங்கிட்டாராம்."

"ஸ்தோத்திரம்," என்று ஏஞ்சலின் கண்ணை மூடினாள். பிறகு டம்ளரை வாங்கிக் குடித்தாள். "இன்னா எழுதிகீறாரு?"

"மண்ணு செவப்பா கீதாம். காத்து நம்ம பழவேற்காடு காத்து மாரியே உப்பாம்."

சொல்லச் சொல்ல அந்த ஊர் ஜெபாவின் கண்முன் விரிந்தது. அப்பா பையைத் தோளில் போட்டுக்கொண்டு சிவந்த வெளியில் சத்தமில்லாமல் நடந்தார். தூரத்தில் யாரோ வெல்டிங் அடித்தார்கள். பொறிகள் கீழே விழாமல் மேலே மிதந்து போயின.

"சட்டை கசங்கிருக்குமே. இஸ்திரி போட்டு அனுப்சேன்."

"கசங்கலையாம்."

அம்மாவின் கை மெல்லச் சூடேறியது. அப்படியே தூங்கிப்போனாள்.

இப்போதுதான் அப்பாவின் இரண்டாவது விமானம் துபாயை விட்டுக் கிளம்பியிருக்கும். இருட்டில், கடலுக்கு மேலே, ஜன்னலில் சாய்ந்திருப்பார். கீழே அவருக்காக ஜெபித்தவளின் உபவாசத்தை மகள் முடித்துவைத்தது அவருக்குத் தெரியாது.

ஜெபா தன் சாம்பார் சோற்றுத் தட்டை மூடி, அடுப்பு மேடையில் தள்ளிவைத்தாள். மத்தியானம் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டிருந்தாள். சுவரோரம் முழங்காலிட்டாள்.

பாதி வழியில், வயிறு நிறைந்தவள் ஆரம்பிக்கிற உபவாசம், பொய் சொன்ன வாயால் செய்கிற ஜெபம், மிச்சமிருக்கிற கடலைத் தாண்ட அவருக்குப் போதுமா?