குழுப் பூட்டு

கடனைக் கட்டாம ஒளிஞ்சவளைப் பத்தி நாலு பொம்பளைங்க என்ன பேசுவாங்கன்னு தெரியணுமா, என்னைக் கேளுங்க. எண்ணெய்ச் சட்டிக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவுல, என் சொந்தத் தகரக் கடைக்குள்ளயே குந்திக்கிட்டு, ஒரு வார்த்தை விடாம கேட்டவ நான். என் பேரு எலோடியா. மலை மேல இருக்கிற எங்க எல் ஆல்டோ ஊர்ல வேன் எல்லாம் திரும்புற முக்குல காலையில ஊதாச் சோளக் கஞ்சியும், பாலாடைக்கட்டி வெச்சுப் பொரிச்ச பூரியும் விக்கிறேன். எங்க ஊர்க் குளிருக்கு என் கஞ்சி உள்ளே இறங்கினப்புறம்தான் டிரைவருங்களுக்குப் பேச்சே வரும்.

எங்க குழுவுக்கு ‘வெற்றி மங்கையர்’னு பேரு. பேரைப் பார்த்து மயங்கிடாதீங்க. பதினெட்டு பொம்பளைங்க, ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன், அவ்வளவுதான். பெரிய பேங்குல எங்களை வாசப்படியில கூட நிக்க விடமாட்டாங்க. அடமானம் வைக்க நிலமா இருக்கு, நகையா இருக்கு? அதனால குழுக்கடன் குடுக்கிற ஒரு சின்ன பேங்குல எங்களுக்கு நாங்களே அடமானம். ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற கூடத்துல கூடுவோம். தவணை முழுசாச் சேர்ற வரைக்கும் யாரும் வெளியே போகக்கூடாது, கதவைச் சாத்திடுவாங்க. அடுப்புல சூப்பு தீய்ஞ்சாலும் சரி, வீட்ல பிள்ளை கத்தினாலும் சரி.

ஒருத்தி வராமலே போயிட்டா மட்டும் கதவைத் திறந்து, குழுவே கிளம்பிப் போய் அவ கடையைப் பூட்டும். அதுக்குன்னே எல்லாரும் காசு போட்டு வாங்கின பெரிய பித்தளைப் பூட்டு ஒண்ணு இருக்கு. சாவி தலைவிகிட்ட இருக்கும். அந்தப் பூட்டு ஒரு கடையில தொங்கிட்டா அன்னிக்கோட அவ கதை முடிஞ்சுது. அதுக்கப்புறம் சந்தையில அவளுக்குக் கடனா ஒரு முட்டை கூட எவளும் தர மாட்டா.

தலைவி வேற யாருமில்ல, என் கொமாத்ரே ஹுஸ்தாதான். என் மூத்தவனை ஞானஸ்நானத்துல கையில ஏந்தினவ. பெத்தவளும் ஞானத்தாயும் ஒருத்தியை ஒருத்தி அப்படித்தான் கூப்பிடுவோம். கூடப்பிறந்த உறவுக்கும் ஒரு படி மேல அது.

போன வருஷம் மாதா திருவிழாவை எடுத்து நடத்துற முறை ஹுஸ்தாவுக்கும் அவ புருஷனுக்கும் வந்துச்சு. அதை வேண்டாம்னு சொல்றவ எங்க ஊர்ல இன்னும் பொறக்கல. பாண்டு வாத்தியம், சாப்பாடு, வீதியையே அடைச்சு அடுக்குற அளவுக்கு பீர் பெட்டி. அவ பேர்ல வாங்கக்கூடிய கடனை எல்லாம் அவ அதுக்கு முன்னாடியே வாங்கித் தீர்த்துட்டா. உன் பேர்ல எடுத்துக் குடு கொமாத்ரே, தவணையை நான் கட்டுறேன்னு வந்து நின்னா. பேரை இரவல் குடுக்கக்கூடாதுங்கிறது குழுவோட முதல் விதி. கொமாத்ரே கேட்டு இல்லைன்னு சொல்லக்கூடாதுங்கிறது அதுக்கும் மூத்த விதி. குடுத்தேன். அந்தத் திருவிழாவுல பாவாடை சுழலச் சுழல ஆடினவ நானும்தான். என் தலையில இருந்த கடனை நானே குடிச்சு, நானே ஆடியிருக்கேன். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஆரம்பத்துல தவணையைச் சொன்ன நாளுக்குக் கொண்டுவந்து குடுத்தா, அதுல குறை சொல்ல மாட்டேன். அப்புறம் பாதி பாதியா வந்துச்சு. மீதியை என் கஞ்சிக் காசுல ஒப்பேத்தினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில முழுசாக் கொண்டுவர்றேன்னு சத்தியமே பண்ணியிருந்தா. கஞ்சி குடிக்க வந்த கூட்டம் தீர்ந்துச்சு, வெயில் ஏறிச்சு, குழு கூடுற நேரமும் தாண்டிச்சு, ஆளைக் காணோம். என் டப்பாவைத் தட்டிக் கொட்டினா தவணையில கால்வாசி கூடத் தேறல. கூடத்துக்குப் போய் என்னன்னு சொல்றது? அப்படியே கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறேன், மேட்டுல வரிசையாத் தொப்பித் தலைங்க ஏறி வருது, எங்க குழுப் பொம்பளைங்க. அடுப்பை அணைச்சேன், கதவை உள்பக்கம் இழுத்துக்கிட்டேன், கீழே குந்திட்டேன்.

வந்து நின்னவங்க முதல்ல என் வெளிப்பூட்டு இல்லாததைப் பார்த்தாங்க. பூட்டக்கூட நேரமில்லாம ஓடியிருக்கான்னு ஒருத்தி. எவனோ லாரிக்காரனோட எல்லை தாண்டிச் சிலிக்குப் போயிருப்பான்னு இன்னொருத்தி. அதைக் கேட்டு ரெண்டு பேர் சிரிச்சாங்க, இந்த மூஞ்சியை எவன் கூட்டிட்டுப் போவான்னு. புருஷன் சிலியில இக்கீக்கே துறைமுகத்துலேர்ந்து பணம் கட்டுக்கட்டா அனுப்புறான், இவ பதுக்கி வெச்சிருக்கான்னு ஒரு பேச்சு. என் புருஷன் பணம் அனுப்புறானாம்! அவன் கடைசியா அனுப்பினது ஒரு போட்டோ, அதுலயும் பக்கத்துல எவளோ நிக்கிறா. எனக்கு அழுகையும் வந்துச்சு, எழுந்து போய் நாலு அறை விடலாம்னும் வந்துச்சு. வாயைச் சால்வையால பொத்திக்கிட்டேன்.

அப்போ உருளைக்கிழங்கு விக்கிற நிக்கோலாசா குரல் கேட்டுச்சு. எனக்கும் அவளுக்கும் ஜென்மப் பகை. என் கடையில பாத்திரம் கழுவின தண்ணி அவ மூட்டைப் பக்கம் ஓடுதுன்னு தினம் ஒரு சண்டை. சரிதான், இவ பங்குக்குக் கிழிக்கப் போறான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

“எலோடியா திமிர் பிடிச்சவ. ஆனா திருடி இல்ல. ஏதோ சங்கடத்துல இருக்கா. இந்தத் தவணையை நான் போடுறேன். அப்புறமா நானே அவகிட்டச் சண்டை போட்டு வாங்கிக்கிறேன்” அப்படின்னா.

கதவைத் தள்ளிக்கிட்டு ஓடிப்போய் அவ காலைக் கட்டிக்கலாமான்னு இருந்துச்சு. எழுந்திருக்கக் கையை ஊனினேன். அதுக்குள்ள இன்னொரு குரல்.

“வேண்டாம் நிக்கோலாசாம்மா. இன்னிக்கு இவளுக்குப் போட்டா அடுத்த தடவை எல்லாரும் ஒளிஞ்சுக்குவாங்க. விதின்னா எல்லாருக்கும் விதிதான். பூட்டிடலாம்.”

ஹுஸ்தா. என் பிள்ளையோட ஞானத்தாய். அவளும் வந்திருக்காங்கிறதே எனக்கு அப்பத்தான் தெரியும். ஊனின கை அப்படியே நின்னு போச்சு. உள்ளே சட்டி சாமான் இருக்கான்னு திறந்து பார்த்துட்டுப் பூட்டுவோம்னு யாரோ சொன்னாங்க. ஹுஸ்தா கூடவே கூடாதுன்னுட்டா. உள்ளே காலை வெச்சா நாளைக்குக் கரண்டியைக் காணோம், கிண்ணத்தைக் காணோம்னு நம்ம தலையில கட்டுவான்னா. பூட்டு விழுந்த சத்தம் கேட்டுச்சு. கத்தியிருக்கலாமேன்னு கேப்பீங்க. கத்தினா, இவ்வளவு நேரமும் உள்ளே இருந்துக்கிட்டுக் கேட்டேன்னு ஆயிடும். அந்த வெக்கத்துல உள்ளேயே குந்தியிருந்தேன்.

செருப்புச் சத்தமெல்லாம் இறங்கிப் போச்சு. கொஞ்ச நேரத்துல ஒரு செருப்பு மட்டும் திரும்பி வந்துச்சு. தகர இடுக்குல வாயை வெச்சுப் பேசினா ஹுஸ்தா.

“கொமாத்ரே, நீ உள்ளேதான் இருக்கேன்னு தெரியும். எண்ணெய் இன்னும் ஆறல, வாசம் வருது.”

நான் எண்ணெய்ச் சட்டியை மூடி போட்டு மூடினேன்.

“கொஞ்சம் பொறுத்துக்கோ. எல்லாரும் கலைஞ்சதும் வந்து திறந்து விடுறேன். நேரா உன் அக்கா ஊருக்குப் போயிடு. அக்காவுக்கு ரொம்ப முடியலைன்னு நான் சொல்லிக்கிறேன். பேச்சு அடங்கட்டும், கடையை நானே மீட்டுத் தர்றேன்.”

“என் தவணை எங்கே?”

“பீர்க்காரன் பாக்கிக்கு வாசல்லயே உக்காந்துட்டான். தெருவே பாக்குது. மானம் போற விஷயம் கொமாத்ரே.”

“மானம் உனக்கு மட்டும்தானா?”

“நீ வாயைத் திறந்தா ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் துரத்துவாங்க. நான் உள்ளே இருந்தாத்தானே உன்னை மறுபடி சேர்த்துவிட முடியும்? யோசிச்சுப் பாரு.”

யோசிச்சேன். பாவி சொன்னது நியாயமாத்தான் பட்டுச்சு, அதான் கொடுமை. இருட்டுலயே சரின்னு தலையைக் கூட ஆட்டினேன். அப்போதான் பிள்ளைங்க ஞாபகம் வந்துச்சு. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரா கடைக்குத்தான் வருவாங்க, மிச்சப் பூரியைத் தின்னுட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. வந்து அந்தப் பித்தளைப் பூட்டைப் பார்ப்பாங்க. உங்க அம்மா லாரிக்காரனோட ஓடிட்டான்னு எவளாவது சொல்லுவா. என் மூத்தவன் அதைக் கேட்டுட்டு யார்கிட்ட ஓடுவான்? இவகிட்டத்தான், இந்த ஞானத்தாய்கிட்டத்தான். பெரிய கரண்டியை எடுத்துத் தகரத்துல அடிச்சேன் பாருங்க, பஸ்ஸுல உக்காந்திருந்தவங்க கூட இறங்கி வந்துட்டாங்க.

குழுவும் திரும்பி ஓடி வந்துச்சு. ஹுஸ்தாவே பூட்டைத் திறந்தா. அடி என் கொமாத்ரே, உள்ளேயா இருந்தேன்னு நெஞ்சுல கை வெச்சுக்கிட்டா. அந்த நடிப்புக்கே தனியாக் காசு குடுக்கலாம். நான் வெளியே வந்து எல்லாத்தையும் சொன்னேன். திருவிழா, பீர், இரவல் பேர், இடுக்கு வழியா இப்போ பேசினது வரைக்கும். மூச்சு வாங்கச் சொல்லி முடிச்சேன். நிக்கோலாசா ஹுஸ்தா பக்கம் திரும்பி, நிஜமான்னு கேட்டா.

ஹுஸ்தா என்னைப் பார்த்து ரொம்ப மெதுவாக் கேட்டா.

“கையெழுத்து யாருது கொமாத்ரே?”

என்னுதுதான். யாருக்குத் தெரியாது அது? சுத்தி நிக்கிறவங்க மூஞ்சியைப் பார்த்தேன். நாலஞ்சு பேர் தரையைப் பார்த்துக்கிட்டுச் சால்வை முடிச்சை அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டிருந்தாங்க. அவங்களும் யாருக்கோ பேரை இரவல் குடுத்தவங்கதான்னு அப்போ புரிஞ்சுது. வாயைத் திறந்தா அடுத்தது தன் தலைன்னு அவங்களுக்கும் தெரியும். எனக்காக ஒருத்தி பேசுவான்னா அது நிக்கோலாசா மட்டும்தான். அவ எனக்காக எடுத்திருந்த நோட்டை மடிச்சு, சட்டைக்குள்ள திரும்பச் செருகிக்கிட்டா.

“முடியாதவளுக்குப் போடலாம்னுதான் நெனச்சேன். எங்க தலையை எங்களுக்கே தெரியாம அடகு வெச்சவளுக்கு எதுக்குப் போடணும்?” அப்படின்னா.

அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. அதனாலதான் எனக்கு அப்படி வலிச்சுது. நான் ஒளிஞ்சு கிடந்தப்போ எனக்காக நின்னவ, உண்மையைச் சொன்னதும் விலகிட்டா.

அப்போ ஹுஸ்தா ரவிக்கைக்குள்ள கையை விட்டா. சுருட்டி வெச்சிருந்த நோட்டை எடுத்தா. எச்சில் தொட்டு எண்ணி, என் தவணை முழுசையும் நிக்கோலாசா கையில வெச்சா.

“என் ஞானப்பிள்ளை முகத்துக்காகப் போடுறேன். இவ எனக்குத் திருப்பிக் குடுக்கிற வரைக்கும் கடை என் பேர்ல இருக்கட்டும். கடையை இவளே நடத்தட்டும், லாபத்துல பாதி குடுத்தாப் போதும். பிள்ளைங்களைப் பட்டினி போட முடியுமா?”

பீர்க்காரனுக்குக் குடுக்க எடுத்து வெச்சதா, எனக்குன்னு கொண்டுவந்து மனசு மாறினதா, இல்ல முதல்லேர்ந்தே என் முக்குக் கடை மேல கண்ணா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அவளுக்கே தெரியுமான்னும் சந்தேகம்தான். அது என் பணம்னு கத்தினேன். பணத்துல பேரா எழுதியிருக்கு, யார் நம்புவா? இப்படி ஒரு கொமாத்ரே கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்னு ஒருத்தி சொன்னா. நன்றி கெட்டவன்னு இன்னொருத்தி என் காது படவே சொன்னா.

வேணாம், பூட்டிட்டே போங்கன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா குழுவும் இல்ல, சேமிப்பும் இல்ல, கடையும் இல்ல. இப்படின்னா பாதிக் கடையாவது மிஞ்சும். கணக்கு போட்டுப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு அவங்க பின்னாடி நடந்தேன்.

கூடத்துல பேங்குக்காரப் பொண்ணு யொவானா காத்துக்கிட்டிருந்தா. நல்ல பொண்ணுதான், எப்பவும் ஒரு புன்சிரிப்பு. ஹுஸ்தா சொன்னதைக் கேட்டு, இதுதான் ஒத்துமைங்கிறதுன்னு ரொம்ப நெகிழ்ந்து போனா. கடையை ஈடா எழுதிக் கையெழுத்து வாங்கினா, போட்டேன். என் தோளைத் தட்டி, தவணை தவறலை சென்யோரா, அடுத்த தடவை உங்களுக்கு இன்னும் பெரிய கடன் கிடைக்கும்னா.

தவணை முழுசாச் சேர்ந்ததும் எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டணும், அது பேங்கு சொல்லிக் குடுத்த வழக்கம். தட்டி முடிச்சப்புறம்தான் கதவைத் திறப்பாங்க. ‘வெற்றி மங்கையருக்கு’ன்னு யொவானா ஆரம்பிச்சா. ஹுஸ்தா தட்டினா, நிக்கோலாசா தட்டினா, சால்வை முடிச்சுக்காரிங்க எல்லாரும் தட்டினாங்க. சத்தம் குறையுதேன்னு யொவானா சிரிச்சுக்கிட்டே என்னைப் பார்த்தா. வெளியே பள்ளிக்கூட மணி அடிச்சுது, என் பிள்ளைங்க கடைப் பக்கம் கிளம்பியிருப்பாங்க. நானும் தட்டினேன்.