காலி என்று பதிவான வீடுகள்

நகராண்மைக் கழகத்தின் காலி மனைகளையும் கட்டடங்களையும் விற்றுக் கொடுக்க ஓர் இணையச் செயலி வேண்டும் என்று வந்த கவுன்சிலர் உடையப்பன், முதலில் கேட்டது அதன் முகப்பில் ட்ரோன் படம் ஓடுமா என்பதைத்தான். இரண்டாவதாக, அந்தப் படத்தில் தான் நடந்து வருவதைக் காட்ட முடியுமா என்று கேட்டார். எதை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு மூன்றாவதாகக்கூட வரவில்லை.

சரளா எழுதிக்கொண்டாள். ஜெலாப்பாங்கில் டயர் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன நிறுவனத்தில் நிரல் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முதலாளி மகேந்திரனுக்குத் தெரிந்தது டை கட்டிக்கொண்டு தலையாட்டுவது. "செஞ்சிரலாம் டத்தோ" என்று மூன்று முறை சொன்னார். உடையப்பனுக்கு டத்தோ பட்டம் கிடையாது. அதை அவர் திருத்தவும் இல்லை.

கழகத்திலிருந்து ஒரு எக்செல் கோப்பு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு சொத்துகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கோசோங்' என்ற ஒரே மலாய்ச் சொல். காலி என்று பொருள். சரளா மூன்று வாரம் உட்கார்ந்து தேடல் பெட்டி, வரைபடம், விண்ணப்பப் படிவம் என்று எல்லாவற்றையும் கட்டி முடித்தாள். உடையப்பனை மனத்துக்குள் கேலி செய்வதில் இருந்த சுகத்தில், அந்தப் பட்டியலில் ஒரு வரியைக்கூட அவளும் படித்துப் பார்க்கவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு சொத்துக்கும் அண்மையில் எடுத்த புகைப்படம் வேண்டும்.

"இன்டர்நெட்லேருந்து ஒரு புல்வெளிய எடுத்து எல்லாத்துக்கும் ஒட்டிரு லா. யாரு பாக்கப் போறா?" என்றார் மகேந்திரன்.

"ஒப்பந்தத்துல அப்படி இல்லண்ணே" என்றாள் சரளா. மறுநாள் காலை தன் பழைய மைவி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பதினான்காம் எண் மனை ஆற்றுக்கு நடுவே இருந்தது. கரையில் நின்று தண்ணீரைப் படம் எடுத்தாள். முப்பத்தொன்றாம் எண் ஒரு முனியாண்டி கோயில். அப்போதுதான் யாரோ சுருட்டுப் பற்றவைத்துச் சாமி முன்னால் வைத்திருந்தார்கள். ஐம்பத்தேழு, கழகக் கட்டடத்துக்கு எதிர்வரிசையில் இருந்த ஜைனுலாப்தீனின் சாப்பாட்டுக் கடை. முப்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முன்மேசையில் ரொட்டி சானாயைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தவர் உடையப்பன்.

கேமராவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "என்னையும் சேத்து எடும்மா. ஃபேஸ்புக்ல போடலாம்."

எடுத்தாள். பிறகு கல்லாவருகே போய் ஜைனுலாப்தீனிடம் அந்த வரியைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"கோசோங்கா? தே ஓ கோசோங் தெரியும், சீனி போடாம டீ கலக்கிக் குடுப்பேன். கடை கோசோங்னா என்னம்மா? இருவத்திரெண்டு வருசமா இவங்களுக்கே நான்தானே சோறு போடுறேன்?"



மாலையில் புக்கிட் செர்மின் தோட்டத்துக்குப் போனாள். ரப்பர் மரங்களை வெட்டி, கம்பெனி கைமாறி, பள்ளிக்கூடமும் மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வீடுகளின் ஒரு வரிசை மட்டும் மிச்சம். பட்டியலில் அது ஒன்பது காலி வீடுகள். ஒன்பது வாசலிலும் செருப்புகள் கிடந்தன. கையுறைத் தொழிற்சாலையின் சீருடையோடு ஒரு பெண்மணி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். பெயர் ராக்காயி. ஐம்பது வயதிருக்கும்.

"விக்கப் போறாங்களா? எங்களையும் சேத்தா, தனியாவா?" என்று கேட்டார்.

"நீங்க இங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியலக்கா."

"எலெக்சனுக்கு மட்டும் எப்படி வழி கண்டுபிடிச்சு வாரானுங்க?" ராக்காயி விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே படத்துக்கு நின்றார். சிரிக்கவில்லை.

மறுநாள் சரளா எல்லாவற்றையும் மகேந்திரனிடம் சொன்னாள். அவர் ஸ்பீக்கரில் உடையப்பனை அழைத்தார்.

"டேட்டா கழகத்தோடது. அதத் தொடறதுக்கு நீ யாரு? வெப்சைட் செய்யச் சொன்னா வெப்சைட் மட்டும் செய்யி" என்றது ஸ்பீக்கர்.

சரி, டேட்டாவைத் தொட வேண்டாம். சரளா தொடவில்லை. அந்த வாரம் முழுக்க மிச்ச இடங்களையும் சுற்றிப் படமெடுத்து, ஒப்பந்தத்தில் இருந்தபடி இருநூற்றுப் பன்னிரண்டு படங்களை மட்டும் ஏற்றினாள். ஏற்றியதும் உடையப்பனுக்கும் மகேந்திரனுக்கும் இணைப்பை அனுப்பி, பார்த்து ஒப்புதல் தரும்படி கேட்டாள். இருவரும் ட்ரோன் படத்தை மட்டும் பார்த்தார்கள். இருவரும் கட்டைவிரல் அனுப்பினார்கள்.

தொடக்க விழாவுக்கு ஈப்போவிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மண்டபத்தில் பலூன்கள், நாதஸ்வரம், உடையப்பனின் முகம் போட்ட ஆறு பதாகைகள். பலகாரமும் தேநீரும் ஜைனுலாப்தீனின் கடையிலிருந்து வந்தன. அவரே ஓரமாக நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்.

உடையப்பன் மேடையில் மடிக்கணினியைத் தட்டினார். "நம்ம கழகத்துக்கு எதிர்லயே ஒரு அருமையான கடை காலியா கெடக்கு. பாருங்க!"

திரையில் ஐம்பத்தேழாம் எண் விரிந்தது. பத்தடி அகலத்தில், வாய் நிறைய ரொட்டியோடு உடையப்பன். கீழே, 'நிலை: கோசோங்'.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. தேநீர்த் தட்டோடு நின்ற ஜைனுலாப்தீன்தான் கேட்டார்: "அண்ணே, அது நம்ம கடை லா. நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியும் விலையில சேத்தியா?"

மண்டபம் வெடித்தது. அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். உடையப்பன் பதறி அடுத்ததைத் தட்டினார். விளக்குமாற்றோடு ராக்காயி முறைத்தார். அதற்கடுத்ததைத் தட்டினார். ஆறு ஓடியது.

"யாரோ ஹேக் பண்ணிட்டானுங்க!" என்று கத்தினார் உடையப்பன். மகேந்திரன் ஓடிப்போய் மின்கம்பியைப் பிடுங்கினார். மடிக்கணினிக்கு பேட்டரி இருந்ததால் ஒலிபெருக்கி மட்டும்தான் நின்றது.

அன்று பிற்பகல் சரளாவுக்கு வேலை போனது. "வேணும்னேதானே செஞ்ச?" என்றார் மகேந்திரன்.

"ஆமாண்ணே. ஒப்பந்தத்துல இருந்தத வேணும்னேதான் செஞ்சேன்."

தளத்தை எப்படி மூடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஐந்து மணிக்கு அவரே கூப்பிட்டு வேலையைத் திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் கழகம் நாற்பத்தொன்பது சொத்துகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கடை, கோயில், ஒன்பது லயத்து வீடுகள், ஆறு எல்லாம் தப்பின. 'பொதுமக்கள் கருத்துக்கு மதிப்பளிக்கும் செயலி' என்று உடையப்பன் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். அந்தப் பக்கத்தைச் சரளா மேசைமேல் விரித்து அதில் வாழைப்பழம் பொரித்த பிசாங் கோரேங்கை வைத்துச் சாப்பிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ராக்காயி போன் செய்தார். "இப்ப நாங்க காலி இல்லதானே? அப்ப குப்ப லோரி வரச் சொல்லும்மா. மூணு வருசமா நாங்களே எரிக்கிறோம்."

சரளா கழகத்தை அழைத்தாள். மறுமுனையில் ஒரு பெண் நெடுநேரம் விசைப்பலகையைத் தட்டினாள். "அந்த அட்ரஸ் எங்க சிஸ்டத்துலயே இல்லயே அக்கா. போன மாசம்தான் எடுத்திருக்காங்க."

சரளாவுக்குக் கோபம்கூட வரவில்லை. இவர்கள்மேல் அதைச் செலவழிப்பதே அநாவசியம் என்று தோன்றியது. ராக்காயியைத் திரும்ப அழைத்து நடந்ததை அப்படியே சொன்னாள்.

"லிஸ்ட்ல இருந்தா விக்க வாரானுங்க. இல்லன்னா குப்பய விட்டுட்டுப் போறானுங்க" என்றார் ராக்காயி. "நீ எழுதிக் குடும்மா. நாங்க ஒம்போது வீடும் கையெழுத்துப் போடுறோம்."

எழுதினாள். ஒன்பது வாசல்களின் படங்களையும் இணைத்து, உடையப்பனுக்கும் ஈப்போ அதிகாரிக்கும் ஒன்றாக அனுப்பினாள். மூன்றாவது வாரம் குப்பை லோரி வந்தது. ஒரு தடவை. மறுவாரம் லோரியைக் காணாததும் அவள் அடுத்த கடிதத்தை எழுத உட்கார்ந்தாள்.