மஞ்சள் சனியன்

அந்த மருந்தைப் பார்த்தாலே குமட்டும். பளீரென்ற மஞ்சள், கொழகொழவென்று, டப்பாவில் வருகிற பெயிண்ட் மாதிரியே இருக்கும். காலமெல்லாம் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். அதைக் குடிக்கிற காலமும் வந்தது பார்.

நுரையீரலில் கிருமி. முதலில் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போனது. அதற்குப் பதிலாகத்தான் இந்தச் சனியன். இதற்கும் கேட்காவிட்டால் ஆஸ்பத்திரியில் போட்டுத் தொண்டைக்குள் குழாய் செருகுவார்களாம். அப்படி ஒருத்தனைப் பார்த்திருக்கிறேன். வாயோரம் எச்சில் ஒழுக, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு கிடந்தான். அந்தக் கேவலம் எனக்கு வேண்டாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

மருந்து கொடுத்த நர்ஸ், "வெண்ணெய் கிண்ணெய் நல்லா சேத்துச் சாப்பிட்டுட்டுக் குடிங்க" என்றாள். வெளியே வந்ததும் என் மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"இருமலுக்கு வெண்ணெயா? நேத்து முளைச்சவ, அவளுக்கு என்னங்க தெரியும்?"

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் சொல்வதில் பாதி புளுகு. அவள் வேகவைத்த காயும் தண்ணீராய் ஒரு சாறும் தந்தாள். அதன்மேல் இந்த மஞ்சளை ஊற்றிக்கொண்டேன். காய்ச்சல் இறங்கவில்லை. கக்கூஸுக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது.

மறுபடி டாக்டரிடம் போனோம். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார்.

"ஒரு சொட்டு எண்ணெய் கண்ணுல காட்டலைங்க" என்றாள் இவள், பெருமையாக.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கொழுப்பு இல்லேன்னா இந்த மருந்து உடம்புல ஏறாதும்மா. குடிச்சதுல பாதிக்கு மேல வீணாப் போயிருக்கும்."

"இவருக்கு இருக்கற கொழுப்பு பத்தாதா டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. "பெரியவரே, இனிமேலாவது ஒழுங்கா சாப்பிடுங்க. காய்ச்சல் இறங்கலேன்னா அட்மிட்தான்."

குடித்ததெல்லாம் சாக்கடைக்கு என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் ரொட்டியின்மேல் வெண்ணெயை அப்பினாள். சுவருக்குப் பட்டி பார்த்த மாதிரி ரொட்டியே தெரியவில்லை. மென்றேன். அண்ணமெல்லாம் பிசுக்கு. மேலே மஞ்சளை ஊற்றினேன். இரண்டும் வாய்க்குள்ளேயே குழைந்தன. வயிறு புரண்டு மேலே ஏறியது. அவள் பிளாஸ்டிக் தொட்டியை நீட்டினாள்.

"வாந்தி எடுத்தா மருந்தெல்லாம் வெளிய வந்துடுங்க!"

"அப்ப எதுக்குடி தொட்டி?" என்று கேட்க வாயைத் திறக்க முடியவில்லை. தொட்டியைத் தட்டிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன். தொண்டைவரை வந்தது, சூடாக, புளிப்பாக. வந்ததை அப்படியே திரும்ப விழுங்கினேன். அதைவிட அசிங்கம் இந்த வாயில் பட்டதில்லை.

"உள்ள போயிடுச்சா?"

"போச்சு. நீ அந்தப் பக்கம் திரும்பு. மூஞ்சியப் பாத்தா வெளிய வந்துடும்."