கீழ்த்தளத்துப் பேச்சிலர்

அன்று மதியம் நான் சாப்பிட்டது மீனா கோழியா என்பதே இப்போது சரியாக நினைவில்லை. ஆகவே மற்றதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

எங்கள் மகள் தன்யாவைப் பிளஸ் ஒன்னுக்குக் கோவையில் சேர்த்துவிட்டு, தானும் அங்கேயே இருந்துவிடட்டுமா என்று என் மனைவி சந்திரகலா ஜனவரியில் கேட்டாள். நான் மட்டும் ஷார்ஜாவில் இருப்பேன். யோசிக்கிறேன் என்று சொல்லிப் புத்தகத்துக்குள் போனவன் மார்ச் வரை வெளியே வரவில்லை. "இந்த வாரம் பதில் வேணும்" என்றாள். தனியாக யோசிக்க வேண்டுமென்று சலாலாவுக்கு டிக்கெட் எடுத்தேன்.

"யோசிக்கறதுக்கு ஃபிளைட்டாங்க?"

ஓமனின் தெற்குக் கோடியில் உள்ள பழைய துறைமுக நகரம் சலாலா. மழைக்காலத்தில் மலைகள் பச்சையாகும் என்று எல்லோரும் அப்போது போவார்கள். நான் போனபோது பழுப்பாக இருந்தன. வெள்ளிக்கிழமை காலை, கடலோரத்தில் பழைய துறைமுகத்தின் இடிந்த சுவர்களுக்கு நடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். பார்த்தவர்கள் நாகரிகங்களின் அழிவை யோசிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். டீ எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன். சாம்பிராணிக் கடையில் ஜுபைதா என்ற அம்மாள் புகையை என் பக்கம் விசிறினார். ஞானிபோல ஆழ முகர்ந்து, வெகுநேரம் இருமி, வெட்கத்தில் அரைக் கிலோ வாங்கினேன். பிறகு சாலையோரத்தில் இளநீர். கோவைக்காரன் விமானம் ஏறிப் போய்க் குடித்த இளநீர்.

உண்மையில் பதில் தயாராகவே இருந்தது: போகட்டும். சத்தமில்லாத வீடு, ஒரு நாற்காலி, அலமாரி நிறையப் புத்தகம். மனம் அதில் ஏற்கெனவே குடியேறியிருந்தது.

மதியம் ஓர் உணவகத்தில், பழக்கதோஷத்தில் நேராக மாடியிலிருந்த ஃபேமிலி ஹாலுக்கு ஏறினேன். சட்டையில் ஃபவாஸ் என்று பெயர் குத்தியிருந்த பரிமாறுபவர் தமிழ் பேசினார்.

"ஃபேமிலி எங்க சார்?"

"ஷார்ஜாவுல."

"அப்ப நீங்க பேச்சிலர். கீழ உக்காருங்க."

எங்கள் கட்டட வாசலிலும் 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று பலகை உண்டு. இத்தனை வருடம் அதைக் கடந்து போனவன், குடும்பம் ஊருக்குப் போனால் அது என்னையும் வெளியே நிறுத்தும் என்று நினைத்ததே இல்லை.

கீழே எதிர் நாற்காலிக்காரர் சிரித்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்து முனியசாமி, சைட்டில் கம்பி கட்டுபவர்.

"எறக்கி விட்டுட்டானா? நானும் பேச்சிலர்தாண்ணே. மூணு புள்ளைக."

தண்ணீர் ஜக்கில் போனைச் சாய்த்து வைத்திருந்தார். திரையில் அவர் மனைவி சோறு பிசைந்துகொண்டிருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பேசலியா?" என்றேன்.

"பேச என்னண்ணே இருக்கு? லீவு நாள்ல நான் உக்காந்தாத்தான் வடிவு திங்கும்."

"யாரு அது எதுக்கால?" என்றது போன்.

"பேச்சிலருக்குப் புதுசு. மொகத்தப் பாரு, வெளங்கல?" என்றவர் என்னைப் பார்த்தார். "பயப்படாதீகண்ணே, பழகிரும்."

பழகிவிடும் என்பதுதான் பயமாக இருந்தது. நான் ஆசைப்பட்ட அமைதி வேறு. அதில் பக்கத்து அறையில் எப்போதும் சந்திரகலா இருந்தாள்.

அங்கேயே போன் செய்தேன்.

"போகாதே."

"யாரு, நீங்களா பேசறீங்க? என்ன இரைச்சல் அங்க?"

"சாப்பிடறேன். போகாதே."

"சரி. ஆனா வீட்டுல வாயைத் தெறக்கணும்" என்றாள்.

அவர்கள் போகவில்லை. தன்யா ஷார்ஜாவிலேயே படிக்கிறாள். கோவைக்குப் போக முடியாத கோபம் அவளுக்கு என்மேல் இன்னும் தீரவில்லை. சந்திரகலா இரவுச் சாப்பாட்டின்போது என் புத்தகத்தை வாங்கி வைத்துவிடுகிறாள். முனியசாமி ஓமனின் வடக்கே சோஹாருக்கு வேறு சைட்டுக்குப் போய்விட்டார். சாம்பிராணி அப்படியே இருக்கிறது.